மியூஸ் கருவியின் அடாப்டிவ் ஆப்டிக்ஸ்: ஐந்துக்கு நாலு

சிலியின் பரனல் மலையில் நிற்கும் விஎல்டி தொலைநோக்கிகளில் நான்காவதான யெபுனில் மியூஸ் என்றொரு நிறமாலைக் கருவி, அதாவது ஒளியை அலைநீளவாரியாகப் பிரித்துப் பதியும் கருவி, இருக்கிறது. அது எடுத்த தரவு, குறிப்பிட்ட காலம் கழிந்ததும் ஐரோப்பிய தெற்கு வானாய்வகத்தின் காப்பகத்தில் எல்லோருக்கும் திறந்துவிடப்படுகிறது, யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். அப்படி இறக்கிப் பயன்படுத்தும் ஆள் என்ற முறையில் எழுதுகிறேன்: சாதனம் அபாரம், ஆனால் எல்லோரும் பகிரும் அந்த நெப்டியூன் படத்தைப் பார்த்து இதை எடைபோடாதீர்கள்.

கண்ணாடியின் விட்டம் 8.2 மீட்டர். காற்றே இல்லையென்றால் ஆர்க்செகண்டில் (ஒரு பாகையில் 3600இல் ஒரு பங்கு) ஐம்பதில் ஒரு பங்கு நுணுக்கம் வரை தெரிய வேண்டும், காற்றின் கொந்தளிப்பு அதை முக்கால் ஆர்க்செகண்ட் அளவுக்குக் குழப்பிவிடுகிறது. அதைச் சரிசெய்ய, தலா 22 வாட் லேசர் நான்கை மேலே செலுத்தி, சுமார் 90 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும் சோடியம் அணுக்களை ஒளிர வைத்து, செயற்கை நட்சத்திரங்களை உண்டாக்குகிறார்கள். அவற்றின் ஒளி எப்படிக் கோணலாகி வருகிறது என்று நொடிக்கு ஆயிரம் முறை அளந்து, 1.1 மீட்டர் அகலமும் வெறும் 2 மில்லிமீட்டர் தடிமனும் கொண்ட இரண்டாம் கண்ணாடியை 1170 காந்த விசைகளால் வளைக்கிறார்கள், இதுதான் அடாப்டிவ் ஆப்டிக்ஸ். இத்தனை மெல்லிய கண்ணாடியைச் செய்து முடித்ததே பெரிய விஷயம்.

2018இல் வந்த நெப்டியூன் படம் குறும்புல முறையில், அதாவது வானத்தின் மிகச் சிறு பகுதியை மட்டும் பார்க்கும் முறையில் எடுத்தது. ஹப்பிளுக்குச் சமமான கூர்மை, மறுப்பதற்கில்லை. ஆனால் ஜன்னல் 7.5 ஆர்க்செகண்ட்தான், வியாழனெல்லாம் அதில் அடங்கவே அடங்காது. அப்புறம் இன்னொரு சிக்கல்: லேசர் மேலே போன வழியிலேயே திரும்பியும் வருவதால், படம் மொத்தமாக இப்படியும் அப்படியும் ஆடுவதை அது காட்டிக்கொடுக்காது, அதற்கு உண்மையான நட்சத்திரமோ நட்சத்திரம் போன்ற பிரகாசமான புள்ளியோ வேண்டும். குறும்புலத்தில் அது இலக்குக்கு ஒட்டினாற்போல் இருந்தாக வேண்டும். எதைப் பார்க்கலாம் என்று நீங்கள் முடிவு செய்வதில்லை, வானம்தான் முடிவு செய்கிறது.

என்னைக் கேட்டால் கொடுத்த காசுக்கு வேலை செய்வது அகல்புல முறைதான். தரைக்கு அருகிலுள்ள கொந்தளிப்பை மட்டும் திருத்துகிறது, அதனால் பிரமிக்க வைக்கும் படம் எதுவும் வராது, ஆனால் ஒரு ஆர்க்நிமிடச் (60 ஆர்க்செகண்ட்) சதுரம் முழுக்கக் கூர்மை கூடுகிறது, மங்கலான விண்மீன் மண்டலத்தின் ஒளி குறைவான பிக்செல்களில் குவிகிறது, அதே நேரத்தில் கூடுதல் ஆழம் கிடைக்கிறது. படத்தின் ஆட்டத்தை அளக்க உதவும் நட்சத்திரம் சட்டத்துக்கு வெளியே கொஞ்சம் தள்ளி இருந்தாலும் போதும்.

சரி, என் ஐந்து நட்சத்திர மதிப்பீட்டில் ஒன்று ஏன் குறைந்தது? நிறமாலையில் ஓட்டை. லேசரின் அலைநீளம் 589 நானோமீட்டர், அது கருவிக்குள் நுழையாமலிருக்க வடிகட்டி போட்டிருக்கிறார்கள், ஆகவே அகல்புலத் தரவில் ஏறத்தாழ 580 முதல் 597 வரை வெறுமை. கோப்பைத் திறந்து நிறமாலையை வரைந்தால் நடுவே அறுந்து நிற்கும். ஒவ்வொரு தனிமமும் நிறமாலையில் தனக்கான அலைநீளங்களில் கோடுகளைப் பதிக்கும்; நம் அருகிலுள்ள விண்மீன் மண்டலங்களில் சோடியம் கோடுகளும் 587.6இல் உள்ள ஹீலியம் கோடும் அங்கேதான் விழுகின்றன, வாயு வெளியேற்றத்தை ஆராய்பவர்களுக்கு சோடியம் எவ்வளவு முக்கியம் என்று சொல்லத் தேவையில்லை. தூரத்து மண்டலம் என்றால் தப்பித்துவிடலாம் என்று நினைக்காதீர்கள், செம்பெயர்ச்சி (மண்டலம் விலகிச் செல்வதால் ஒளியின் அலைநீளம் நீளும் அளவு) 0.17 என்றால் 500.7இல் இருக்க வேண்டிய ஆக்சிஜன் கோடு நேராக ஓட்டைக்குள் போய் உட்காரும். இது போதாதென்று, லேசர் ஒளி காற்றிலுள்ள நைட்ரஜன், ஆக்சிஜன் மூலக்கூறுகளில் பட்டுச் சிதறி 683, 648 பக்கம் மெல்லிய கோடுகளை விட்டுச் செல்கிறது, அவற்றைக் கண்டுபிடிப்பு என்று நினைத்துவிடாதீர்கள்.

ஒரு கோப்பு சில ஜிபி வரும். ஆகவே இறக்கும் முன் உங்களுக்கு வேண்டிய கோடு எந்த அலைநீளத்துக்கு நகர்ந்திருக்கிறது என்று கணக்குப் போடுங்கள், ஓட்டையில் விழுந்தால் அதே இலக்கை லேசர் இல்லாத முறையில் எடுத்திருக்கிறார்களா என்று தேடுங்கள்.