ஓ.டி. என்றால் ஆபரேஷன் இல்லை

ஆகஸ்ட் லீவுக்கு இங்கிலாந்திலிருந்து மகனைக் கூட்டிக்கொண்டு செங்கோட்டைக்குப் போயிருந்தேன். "புனலூரில் ஓர் ஓ.டி.யிடம் காட்டணும்" என்றதும் அத்தை பதறிவிட்டாள். "பிள்ளைக்கு ஆபரேஷனா?" ஆபரேஷன் தியேட்டர் இல்லை, அன்றாட வேலைகளைச் செய்யப் பழக்குகிற ஆக்குபேஷனல் தெரபி என்று விளக்கி முடிப்பதற்குள் காப்பி ஆறிவிட்டது.

அவனுக்கு 9 வயது, டிஸ்ப்ராக்சியா. கைகாலில் பலவீனம் கிடையாது, புத்தியிலும் குறை இல்லை. ஒரு வேலைக்கு வேண்டிய அசைவுகளை மூளை வரிசைப்படுத்துவதில்தான் தடுமாற்றம். பட்டன், ஷூ லேஸ், பேனா, சைக்கிள் எல்லாமே ஒவ்வொரு தடவையும் அவனுக்குப் புதுப் பாடம். பள்ளி வயதுப் பிள்ளைகளில் 100-க்கு 5, 6 பேருக்கு இது உண்டு. எங்கள் ஊரில் இதற்குப் பேர் பராக்கு. சின்ன வயதில் எனக்கும் அதே பேர்தான்.

முதலில் பக்கத்திலேயே ஒரு டாக்டரிடம் போனோம். இரண்டு நிமிடம் பார்த்தார். "செல்லம் ஜாஸ்தி" என்று சொல்லி டானிக் எழுதிக் கொடுத்தார். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில், கற்றல் குறைபாடுகளின் வரிசையில் டிஸ்லெக்சியாவோடு டிஸ்ப்ராக்சியாவும் பேர் சொல்லியே இருக்கிறது. அவருக்கு அந்தப் பேரை நான் இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது.

அப்புறம்தான் புனலூர். புளியரை, ஆரியங்காவு, தென்மலை என்று மழையில் மலைப்பாதை. பையன் இரண்டு தடவை வாந்தி. அந்த ஓ.டி. மலையாளி, தமிழும் நன்றாகப் பேசினார். பந்து பிடிக்கச் சொன்னார், பாசி கோர்க்கச் சொன்னார், ஒற்றைக்காலில் நிற்க வைத்தார். பிறகு என்னை விட்டுவிட்டு அவனிடம் கேட்டார்: "மோனே, உனக்கு எதைச் செய்யப் பழகணும்?"

கையெழுத்து என்பான் என்று நினைத்தேன். "வேட்டி கட்டணும்" என்றான். அடுத்த வாரம் பெரியப்பா மகள் கல்யாணம்.

அவர் கட்டிக் காட்டவில்லை. எப்படிக் கட்டப் போகிறான் என்று அவனையே சொல்ல வைத்தார். கட்டினான், அவிழ்ந்தது. எங்கே போச்சு என்று அவனே தேடினான். வலது முனையைச் செருகும்போது இடது கையை விட்டிருக்கிறான். இலக்கு வைத்து, திட்டம் போட்டு, செய்து, சரிபார்க்கிற இந்த முறை கனடாவில் உருவானது. இங்கிலாந்தில் முதல் சந்திப்புக்கே 11 மாதம் காத்திருந்தோம். இங்கே போன் போட்ட நாலாம் நாள், 600 ரூபாய். ஒரு தடவையில் தீருகிற காரியமல்ல, தினமும் வீட்டில் பழகணும் என்பதை அவர் மறைக்கவில்லை.

திரும்பும்போது பிரானூர் பார்டரில் பரோட்டா. ஒரு கையால் பிய்க்க அவனுக்கு வராது. நான் கை நீட்டுவதற்குள் சப்ளையர் அண்ணன் பிய்த்துப் போட்டுச் சால்னாவை ஊற்றிவிட்டு அடுத்த இலைக்குப் போய்விட்டார்.

கல்யாணத்தன்று காலை வேட்டி மூன்று தடவை அவிழ்ந்தது. நாலாவது தடவை நின்றது. முந்தின நாளே நான் ரகசியமாக வாங்கி வைத்திருந்த ஒட்டிக்கோ வேட்டி பெட்டியிலேயே கிடந்தது. ஆனாலும் பந்திக்குப் போகுமுன் அத்தை மாமாவின் பெல்ட்டைக் கொண்டுவந்து, எதற்கும் இருக்கட்டும் என்று மேலே மாட்டிவிட்டாள்.