2ஆம் மாதமா, 18ஆம் மாதமா? ஹெப்படைட்டிஸ் சி தாயின் பிள்ளைக்கு இரத்தம் பார்க்கும் காலம்

ஈரலைத் தாக்கும் வைரஸ் நோயான ஹெப்படைட்டிஸ் சி உள்ள தாயின் பிள்ளைக்கு, அது தொற்றியிருக்கிறதா என்று எப்போது இரத்தம் பார்ப்பது? "18 மாதம் பொறுங்கள்" என்பதே நெடுங்காலம் சொல்லப்பட்ட பதில். 2023இல் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் அதை மாற்றி, 2 முதல் 6 மாதத்துக்குள் பார்த்துவிடச் சொன்னது. இலங்கையில் இந்த நோய் குறைவுதான். ஆனாலும் துணுக்காயிலோ மடுவிலோ ஒரு தாய்க்கு அது இருப்பது தெரியவந்தால், அவளுக்கு முன்னால் உள்ளவை இந்த இரண்டு வழிகளே.

18 மாதச் சோதனை பிறபொருளெதிரியை, அதாவது கிருமியை எதிர்க்க உடல் உண்டாக்கும் பொருளைத் தேடுகிறது. தாயின் பிறபொருளெதிரி கருவிலேயே பிள்ளைக்குப் போய், ஒன்றரை வயதுவரைகூடத் தங்கிவிடும். அதற்கு முன் பார்த்தால், அது தாயுடையதா பிள்ளையுடையதா என்று பிரித்தறிய முடியாது. ஒன்பதாம் மாதத்தில் இந்தச் சோதனையைச் செய்வது வீண் கலக்கத்துக்கு வழி. 2 முதல் 6 மாதத்துக்குள் செய்யும் ஆர்.என்.ஏ. சோதனையோ வைரஸின் மரபுப்பொருளை, அதாவது வைரஸையே தேடுகிறது. தாயிடமிருந்து வந்த பிறபொருளெதிரி அதைக் குழப்பாது. அதற்காகப் பிறந்தவுடன் தொப்புள்கொடி இரத்தத்தில் பார்ப்பதும் சரியில்லை. தாயின் இரத்தம் அதில் கலந்திருக்கலாம்.

செலவைப் பார்த்தால் 18 மாதமே மேல். பிறபொருளெதிரிச் சோதனை மலிவு, விரலில் எடுத்த ஒரு துளியிலேயே செய்யலாம். ஆர்.என்.ஏ.வுக்குக் கைக்குழந்தையின் மெல்லிய நரம்பைத் தேடிக் குத்த வேண்டும். எடுத்த இரத்தம் வெப்பத்தில் கெடாமல் வசதியுள்ள ஆய்வுகூடத்துக்குப் போய்ச்சேர வேண்டும். ஒட்டுசுட்டான் வெயிலில் அது லேசான வேலை அல்ல.

இருந்தும் நான் முந்திய சோதனையின் பக்கம்தான். காரணம் தடுப்பூசி அட்டவணை. 2, 4, 6 மாதங்களில் பென்டாவேலன்ட் எனும் ஐந்து நோய்த் தடுப்பூசிக்காகப் பிள்ளை எப்படியும் கிளினிக்குக்கு வருகிறது. இரண்டாம் மாதத்தில் தவறினால் நான்கில் எடுக்கலாம், அதுவும் தவறினால் ஆறு இருக்கிறது. "18 மாதத்திலும் ஊசி இருக்கிறதே, நம் தாய்மார் ஊசியைத் தவறவிடுவதில்லையே" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் ஊசியின் திகதி பதிவேட்டில் அச்சாகியிருக்கிறது. இந்தச் சோதனை யாரோ பேனாவால் எழுதிவைத்த ஒரு வரி. அதற்குள் குடும்பம் வேலை தேடி வவுனியாவுக்குப் போயிருக்கும், குடும்பநல உத்தியோகத்தர் மாறியிருப்பார். ஊசி விழும், இரத்தம் எடுக்க யாருக்கும் ஞாபகம் வராது.

மறுபக்கத்து வாதம் கனமானது. மூன்று வயதுக்கு முன் மருந்து தொடங்குவதில்லை. தொற்றிய பிள்ளைகளில் ஏறத்தாழ கால்பங்கு முதல் ஐந்தில் இரண்டு பங்குவரை அந்த வயதையொட்டித் தாமாகவே வைரஸை வென்றுவிடுகிறார்கள். அப்படியிருக்க, கைக்குழந்தையிலேயே தெரிந்து என்ன பயன்? மூன்று வருடப் பயம்தானே மிச்சம்?

இந்த வாதம் தொற்றிய பிள்ளையை மட்டும் பார்க்கிறது. தாய்க்கு எச்.ஐ.வி. இல்லையென்றால், 100 பிள்ளைகளில் ஏறக்குறைய 6 பேருக்கே தொற்றுகிறது. மற்ற 94 பேரின் தாய்மாரும் ஒன்றரை வருடம் ஏன் ஏங்க வேண்டும்? 2 முதல் 6 மாதத்துக்குள் வைரஸ் இல்லை என்று வந்தால், வழக்கமாக மறுசோதனையே வேண்டியதில்லை. பிள்ளைக்குத் தனிக் கோப்பை வை, கொஞ்சாதே என்று வீட்டுக்குள் எழும் பேச்சும் அத்தோடு அடங்கும். (கோப்பையாலும் முத்தத்தாலும் இது பரவுவதேயில்லை. முலைக்காம்பு வெடித்து இரத்தம் கசியாதவரை தாய்ப்பாலும் கொடுக்கலாம்.)

தொற்றிய அந்த ஆறு பேருக்கும் நட்டமில்லை. சின்ன வயதில் ஈரல் பெரிதாகப் பாதிக்கப்படுவது அரிது. மூன்று வயதில் திரும்பப் பார்த்து, வைரஸ் இன்னும் இருந்தால் 8 முதல் 12 வாரம் வாய்வழி மருந்து கொடுத்தால் போதும். 100க்கு 95 பேருக்கு மேல் குணமாகிறார்கள். சிறுபிள்ளை நிபுணரின் பார்வையில் பெயர் முன்கூட்டியே இருந்தால், அந்த மூன்று வயது தவறிப்போகாது.

ஆறு மாதமும் கடந்துவிட்டதா? 17 மாதம்வரை ஆர்.என்.ஏ.வே சரி. அதன் பிறகு பழைய வழி: முதலில் பிறபொருளெதிரி, அது இருந்தால் மட்டும் ஆர்.என்.ஏ.

இந்த நோய்க்குத் தடுப்பூசி கிடையாது, சிசேரியன் செய்தாலும் தொற்று குறைவதில்லை. ஆகவே பிள்ளையின் இரத்தம் எடுக்கும் அதே நாளில் தாயையும் சிகிச்சைக்கு அனுப்பிவிட வேண்டும். அடுத்த கருவுக்கு முன் அவள் குணமாகிவிட்டால், அந்தப் பிள்ளைக்கு இந்தச் சோதனையே தேவைப்படாது.