11 வருட டஸ்டர்: ஓட்டிய அனுபவமும் விற்ற விலைக் கணக்கும்

எங்கள் வீட்டு ரெனால்ட் டஸ்டர் 2014 மாடல். டீசல், இன்ஜின் சக்தி 85 பி.எஸ்., ஆர்.எக்ஸ்.எல். வேரியன்ட். ஒரே ஓனர், கோவை ரிஜிஸ்ட்ரேஷன். மீட்டர் 1.3 லட்சம் கிலோமீட்டரைத் தாண்டியிருந்தது. 2025 கடைசியில் விற்றோம். ஓட்டிய கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எழுத வந்தது விலைக் கணக்கைப் பற்றி.

குண்டும் குழியுமான ரோட்டில் இந்த அளவுக்கு அலுங்காமல் போகிற வண்டி அந்த விலையில் அப்போது வேறு இல்லை. டிக்கி 475 லிட்டர். ஊருக்குப் போகும்போது நான்கு பேர் லக்கேஜோடு ஒரு மூட்டை அரிசியும் ஏறும். ஹைவேயில் 17, 18 மைலேஜ் கிடைத்தது. வால்பாறை ஏற்றத்தில் 40 கொண்டை ஊசி வளைவிலும் கியர் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும், ஏனென்றால் டர்போ வேலை செய்ய ஆரம்பிக்கும்வரை இன்ஜின் கொஞ்சம் சோம்பல். உள்ளே பிளாஸ்டிக் சுமார்தான். மொத்தத்தில் திருப்தி.

இனி விலை. எல்லோரும் முதலில் செய்வது, ஷோரூம் விலையிலிருந்து வருடத்துக்கு இத்தனை சதவீதம் என்று கழித்துக்கொண்டே வருவது. இன்சூரன்ஸில் ஐ.டி.வி. (பாலிசியில் வண்டிக்குப் போடும் மதிப்பு) கணக்கிடும் அட்டவணையே அப்படித்தான் இருக்கும். ஆறு மாதம் வரை 5%, ஒரு வருடம் வரை 15%, இரண்டுக்கு 20, மூன்றுக்கு 30, நான்குக்கு 40, ஐந்துக்கு 50. அதோடு அட்டவணை முடிந்தது. ஐந்து வருடத்துக்கு மேலான வண்டிக்குக் கம்பெனியும் ஓனரும் பேசி ஒரு தொகையை ஒத்துக்கொள்வதுதான் வழக்கம். பிரீமியம் குறையட்டும் என்று அதையும் இறக்கித்தான் போட்டிருப்போம். ஆகவே பத்து வருடம் தாண்டிய வண்டிக்கு பாலிசியைக் காட்டி யாராவது விலை பேசினால் காதில் வாங்க வேண்டாம்.

பழைய எஸ்யூவிக்கு என் கணக்கு வாங்குகிறவர் பக்கத்திலிருந்து தொடங்குகிறது. அடுத்த இரண்டு வருடத்தில் அவர் என்ன செலவு செய்ய வேண்டிவரும்? ஆர்.சி.யில், அதாவது பதிவுச் சான்றிதழில், எத்தனை வருடம் மீதி? இந்த மாடலைத் தேடி வருகிறவர்கள் எத்தனை பேர்? வண்டிக்கு நாம் கொடுத்த விலை இந்த மூன்றிலும் இல்லை.

செலவில் முதலில் வருவது டைமிங் பெல்ட், அதாவது வால்வையும் பிஸ்டனையும் ஒத்து இயங்க வைக்கும் பட்டை. இந்த 1461 சி.சி. இன்ஜினில் செயின் கிடையாது, பெல்ட்தான். ஓடும்போது அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும். அப்புறம் இன்ஜின் வேலைக்கு ஆகும் காசில் பாதி வண்டி வாங்கலாம். விவரம் தெரிந்த மெக்கானிக்கைக் கூட்டி வந்தவர்கள் எல்லோரும் பானெட்டைத் திறப்பதற்கு முன்பே கேட்டது, "பெல்ட் மாத்துன பில் இருக்குதுங்களாண்ணா?" இருந்தது. பெல்ட், டென்ஷனர், வாட்டர் பம்ப் மூன்றும் சேர்த்து மாற்றிய பில். அந்தக் காகிதத்தைப் பார்த்த பிறகு பேச்சின் தொனியே மாறியது. "மாத்தியாச்சுங்க" என்று வாயால் சொன்னால் மட்டும் ஒரு ரூபாய்கூட ஏறாது.

அடுத்து டயர். 215/65 ஆர்16 நான்கும் மாற்றினால் 40,000 ரூபாய்க்குப் பக்கம். என் டயர்கள் பாதிக்கு மேல் தேய்ந்தவை. விற்பதற்காகப் புது டயர் போட வேண்டாம் என்பது என் கருத்து. போட்ட காசு முழுசாகத் திரும்பாது, 'எதையோ மறைக்கிறார்கள்' என்ற சந்தேகம் வேறு வரும். கிளட்ச் நன்றாக இருந்தது. சஸ்பென்ஷன் புஷ் மாற்றும் நேரம். பின் பம்பரில் ஒரு பக்கம் கீறல், அதை அப்படியே விட்டேன். பெயின்ட் அடித்தால் 'எங்கே இடித்தது' என்று கேட்பார்கள், கீறல் இருந்தால் கீறல் என்று போய்விடும்.

பேட்டரியையும் சேர்த்து இந்தச் செலவுகள் சுமார் 70,000. கண்டிஷனில் உள்ள இதே மாடலுக்கு விளம்பரங்களில் மூன்றரையிலிருந்து நான்கு லட்சம் வரை போட்டிருந்தார்கள். விளம்பர விலை என்பது கேட்கிற விலை, முடிகிற விலை அல்ல. வாரக்கணக்கில் அசையாமல் கிடந்த விளம்பரங்களை ஒதுக்கிவிட்டு, சட்டென்று காணாமல் போனவற்றை மட்டும் கவனித்தால் நிஜ விலை பிடிபடும். 3.6 லட்சம் வைத்து அந்த 70,000-ஐக் கழித்தேன், 2.9 லட்சம் வந்தது.

ஆர்.சி. விஷயம் இப்படி. தனியார் காருக்குப் பதிவு 15 வருடம், அதன்பின் எஃப்.சி. (வண்டியின் தகுதிச் சான்று) பார்த்து ஐந்து ஐந்து வருடமாகப் புதுப்பிக்க வேண்டும். என் வண்டிக்கு 2029 வரை நேரம் இருந்தது. இதே வண்டி 2011 ஸ்கார்ப்பியோவாக இருந்தால் அடுத்த வருடமே எஃப்.சி., பசுமை வரி என்று வாங்குகிறவர் கையைக் கடித்திருக்கும். ஆனாலும் ஸ்கார்ப்பியோவுக்கும் பொலிரோவுக்கும் ஆள் அதிகம் என்பதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். எந்தச் சின்ன ஊரிலும் அதற்கு மெக்கானிக் உண்டு. டஸ்டர் 2022-ல் நின்றுபோன மாடல் என்பதைச் சொல்லியே பாதிப் பேர் விலையைக் குறைக்கப் பார்த்தார்கள். அதற்கு என் பதில், ஓரகடத்தில் செய்த இதே இன்ஜின் குடும்பம் நிசான் டெரானோ, சன்னி, மைக்ராவிலும் இருக்கிறது, டாக்சியாக ஓடித் தீர்த்த மஹிந்திரா வெரிட்டோவிலும் இருக்கிறது. இன்ஜின் சாமானுக்கு அலைய வேண்டியதில்லை. ஹெட்லைட், பம்பர் மாதிரி பாடி சாமான்தான் காத்திருக்க வைக்கும்.

இன்னொரு சின்ன சாதகத்தை யாரும் சொல்வதில்லை. மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் கட்டணம் சி.சி.யைப் பொறுத்தது. 2022-ல் அறிவித்த கட்டணப்படி 1000-க்கு மேல் 1500 சி.சி. வரை 3,416 ரூபாய், அதைத் தாண்டினால் 7,897. உருவத்தில் எஸ்யூவியாக இருந்தாலும் டஸ்டர் டீசல் கீழ் வரிசையில் வந்துவிடுகிறது. பழைய வண்டிக்கு மூன்றாம் நபர் பாலிசி மட்டும் போடுகிறவருக்கு வருடா வருடம் மிச்சம்.

விலை கேட்ட இடங்கள் மூன்று வகை. ஆன்லைனில் பழைய கார் வாங்கும் ஒரு நிறுவனம் திரையில் 3.2 வரை காட்டியது. வீட்டுக்கு ஆள் வந்து பார்த்த பிறகு அது 2.3 ஆனது. உள்ளூர் புரோக்கர் 2.5 சொன்னார். இதில் கோபப்பட ஒன்றுமில்லை. அவர்கள் டிங்கரிங் பார்த்து, இடத்தில் நிறுத்தி, பணத்தை முடக்கி வைத்து விற்க வேண்டும். வாங்கிய விலைக்கும் விற்கிற விலைக்கும் உள்ள வித்தியாசத்தில் 18% ஜி.எஸ்.டி. வேறு. 2025 ஜனவரியில் இந்த விகிதம் எல்லாக் கார்களுக்கும் ஒன்றானபோது, முழு விலைக்கும் வரி என்று ஒரு பீதி கிளம்பியது. அப்படியில்லை, லாபத்துக்கு மட்டும்தான். தனிநபர் தனிநபருக்கு விற்றால் அதுவும் கிடையாது.

நேரடியாக வந்தவர்களில் ஒருவர் டெல்லி விளம்பரத்தைக் காட்டினார். "அங்க ஒன்றரை லட்சத்துக்கு 110 பி.எஸ்.ஸே கிடைக்குதுங்க, நீங்க இந்த விலை சொல்றீங்களே?" கிடைக்கும். டெல்லியில் பத்து வருடம் முடிந்த டீசல் வண்டிகளுக்குக் கோர்ட் உத்தரவுகளால் வந்த தலைவலி அது, ஆகவே அப்போது வந்த விலைக்குத் தள்ளினார்கள். அங்கே ஆர்.டி.ஓ.விடம் என்.ஓ.சி. (ஆட்சேபனை இல்லை என்ற சான்று) வாங்கி, கொண்டுவந்து, இங்கே வரி கட்டி, டி.என். நம்பர் வாங்குவதற்குள் அந்த ஒன்றரை எங்கே நிற்கும் என்று கூட்டிப் பார்க்கச் சொன்னேன். அவர் திரும்பி வரவில்லை.

2025 செப்டம்பர் 22-ல் புது கார்களின் ஜி.எஸ்.டி. குறைந்ததும் பேரத்தில் தெரிந்தது. சின்ன கார்களுக்கு 18%, பெரிய எஸ்யூவிகளுக்குச் செஸ் எல்லாம் சேர்த்து 50 வரை இருந்தது 40 ஆனது. மூன்று லட்சத்தோடு வருகிறவர் 'இன்னும் கொஞ்சம் லோன் போட்டால் புதுசே வாங்கலாமே' என்று யோசிக்கத் தொடங்கிவிட்டார். அந்தப் பேச்சில் பத்தாயிரம், பதினைந்தாயிரம் இறங்குவது நியாயம்தான்.

கடைசியில் பொள்ளாச்சிப் பக்கத் தோட்டக்காரர் ஒருவர் 2.8-க்கு எடுத்துக்கொண்டார். பெல்ட் பில்லும் சர்வீஸ் புத்தகமும் இல்லாவிட்டால் 2.5-ஐத் தாண்டியிருக்காது என்பது அவரோடு வந்த மெக்கானிக்கின் கணிப்பு, எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது. லோன் அடைத்தபோதே ஃபார்ம் 35 கொடுத்து ஆர்.சி.யிலிருந்து ஹெச்.பி.யை (லோன் கொடுத்தவர் பெயரிலான அடமானப் பதிவு) நீக்கியிருந்ததால் அந்தப் பேச்சே வரவில்லை. பெயர் மாற்றத்துக்கான ஃபார்ம் 29, 30 இரண்டிலும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததோடு நிற்காமல், ஆர்.சி. அவர் பெயருக்கு மாறியதை எம்பரிவாகன் என்ற அரசு ஆப்பில் பார்த்த பிறகுதான் ஃபைலை மூடினேன். ஃபாஸ்டேகை டெலிவரி அன்றே மூடியாயிற்று. கிளைம் எதுவும் கேட்காததற்குப் பிரீமியத்தில் கிடைக்கும் 50% தள்ளுபடியான நோ கிளைம் போனஸ் வண்டியோடு போகாது, ஓனருடையது. இன்சூரன்ஸ் கம்பெனியில் எழுதிக் கேட்டால் சான்றிதழ் தருவார்கள், மூன்று வருடத்துக்குள் வாங்கும் அடுத்த காருக்குப் பயன்படுத்தலாம்.