உரோமத் தோல் கெடாமல் கயோட்டி வேட்டை: .204 ருகர் ரைஃபிளில் 40 கிரெய்ன் குண்டு

அமெரிக்காவின் கிழக்கு மொன்டானா மேய்ச்சல் நிலங்களில், ஓநாயைவிடச் சிறிய அதன் உறவினமான கயோட்டியைப் பல குளிர்காலங்களாக வேட்டையாடி, தோலை நானே உரித்து, உலர்த்தி, வியாபாரியிடம் கொடுத்து வருகிறேன். தோலைக் கெடுக்காமல் விலங்கை உடனடியாக வீழ்த்தும் குண்டு எது என்று கேட்பவர்களுக்கு, .204 ருகர் (0.204 அங்குல விட்டக் குண்டைச் சுடும் வகை) ரைஃபிளில் 39 அல்லது 40 கிரெய்ன் எடையுள்ள பிளாஸ்டிக் முனைக் குண்டையே பரிந்துரைக்கிறேன். 2.6 கிராம் எடைகூட இல்லாத அந்தக் குண்டின் மீது இவ்வளவு நம்பிக்கை எப்படி வந்தது என்பதையே இங்கே விளக்குகிறேன்.

மொன்டானாவில் கயோட்டியை ஆண்டு முழுவதும் வேட்டையாடச் சட்டம் இடமளித்தாலும், உரோமம் முழுமையாக முற்றியிருப்பது நவம்பர் பிற்பகுதியிலிருந்து ஜனவரி வரைதான். இப்பகுதியின் வெளிர்நிறத் தோல்களுக்கு இருந்த தேவை, பெரும்பாலும் குளிரங்கித் தொப்பிகளின் விளிம்பு உரோமத்தை நம்பியே நின்றது. 2022 இறுதிக்குள் தன் தயாரிப்புகளில் உரோமத்தைக் கைவிடுவதாகக் குளிரங்கி தயாரிக்கும் கனடா கூஸ் நிறுவனம் 2021-ல் அறிவித்த பிறகு, வியாபாரிகள் தோலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தே விலை சொல்கிறார்கள். விரல் நுனி அளவுத் துளையைத் தைத்துச் சரிசெய்துவிடலாம். முதுகிலோ விலாப்பக்கத்திலோ உள்ளங்கை அகலத்துக்குக் கிழிந்த தோலுக்கு, உரித்த உழைப்புக்கான கூலிகூடக் கிடைப்பதில்லை.

சிறிய காலிபர் (குண்டின் விட்டம்) என்றால் சிறிய துளை என்று பலரும் நினைக்கிறார்கள். தோலைக் கிழிப்பது பெரும்பாலும் குண்டு உள்ளே நுழையும் இடமன்று, வெளியேறும் இடம். மெல்லிய செப்பு உறைக்குள் ஈயக் கருவைக் கொண்ட குண்டின் முனையில் பொருத்தப்பட்டிருக்கும் பிளாஸ்டிக், மோதியவுடன் பின்னோக்கித் தள்ளப்பட்டு உறையைப் பிளக்க, நொடியின் மிகச் சிறு பகுதிக்குள் குண்டு முழுவதும் நுரையீரலுக்குள்ளேயே துகள்களாகச் சிதறிவிட்டால், மறுபுறத் தோலைத் துளைத்துச் செல்ல எதுவும் மிஞ்சுவதில்லை. நுழைந்த இடத்தில் உரோமத்தை விலக்கித் தேடினால்தான் துளை தெரியும். குண்டின் ஆற்றல் முழுவதும் மார்புக்குள்ளேயே செலவாவதால் விலங்கும் நின்ற இடத்திலேயே விழுகிறது. தோல் பிழைப்பதற்கும் விலங்கு வேதனையின்றிச் சாவதற்கும் தேவைப்படுவது ஒன்றே என்பதுதான் இந்தத் தேர்வில் எனக்கு மிகவும் நிறைவளிப்பது.

ஆனால் சிதறல் சரியான ஆழத்தில் நிகழ வேண்டும். கயோட்டியின் எடை பொதுவாக 9 முதல் 16 கிலோ வரை. அதன் மார்புக்கூடு ஒரு சாண் அகலம்கூட இருக்காது. அடிபட்ட முயலின் அலறலைப் போல ஊதி அழைக்கும்போது அது 60 கஜம் வரைகூட நெருங்கி வந்துவிடும். அந்தத் தொலைவில், வினாடிக்கு 4,000 அடிக்கும் மேலான வேகத்தில் புறப்படும் 32 கிரெய்ன் குண்டு தோள்பட்டை எலும்பில் பட்டால், நுரையீரலை எட்டுவதற்கு முன்பே நொறுங்கி, தோலுக்கு அடியில் அகலமான, ஆழமற்ற காயத்தை உண்டாக்குகிறது. தோலும் பாழாகும், விலங்கும் காயத்தோடு ஓடும். இதைவிட மோசமான விளைவு இந்த வேட்டையில் இல்லை. ஏறத்தாழ 3,900 அடி வேகத்தில் புறப்படும் 40 கிரெய்ன் குண்டு சற்று நிதானமாகத் திறந்து, எலும்பைக் கடந்த பிறகே சிதறுவதை, உரிக்கும்போது மார்பைத் திறந்து பார்த்து உறுதிசெய்துகொண்டேன். ஹார்னடியின் 40 கிரெய்ன் வி-மாக்ஸ், சியராவின் 39 கிரெய்ன் பிளிட்ஸ்கிங் ஆகிய இரண்டும் இதில் எனக்கு ஒரே அளவு நம்பிக்கை தந்தவை. உங்கள் ரைஃபிள் எந்தக் குண்டை மீண்டும் மீண்டும் ஒரே இடத்தில் நெருக்கமாகச் சுடுகிறதோ அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

மற்ற காலிபர்களில், 1971-ல் ரெமிங்டன் வெளியிட்ட .17 ரெமிங்டன் தோல் வேட்டைக்காரர்களின் பழைய செல்லப்பிள்ளை. அதன் 25 கிரெய்ன் குண்டு காற்றில்லாத நாளில் வைக்கும் துளையைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஆனால் சமவெளியில் காற்றில்லாத நாள் அரிது, இலேசான அந்தக் குண்டைக் காற்று விலக்கிவிடும். மெல்லிய குழலில் செப்புப் படிவும் விரைவில் சேர்ந்து, அடிக்கடி துடைக்கச் சொல்கிறது. .22-250 ரெமிங்டனில் 55 கிரெய்ன் குண்டு தொலைதூரத்துக்கு அருமையானது, ஆனால் அருகில் நிற்கும் விலங்கின் மறுபுறத்தைக் கிழித்துவிடுகிறது. .223 மட்டுமே கையில் உள்ளவர்கள் புதிய துப்பாக்கி வாங்க வேண்டியதில்லை. 3,600 அடிக்கு மேல் செல்லும் 40 கிரெய்ன் பிளாஸ்டிக் முனைக் குண்டைப் போட்டால் 200 கஜம் வரை .204-க்கு நெருக்கமான விளைவே கிடைக்கும். தொலைவு கூடக் கூட வேகம் குறைந்து, குண்டு முழுதாகச் சிதறாமல் மறுபுறம் வெளியேறும் வாய்ப்பு கூடுகிறது. ஆகவே 250 கஜத்துக்கு அப்பால் நிற்பதை, தோலுக்காக வேட்டையாடும் நாளில், நான் சுடுவதில்லை.

முழு உலோக உறைக் குண்டு இருபுறமும் ஊசித்துளை போட்டுச் செல்லும் என்று சிலர் இன்றும் பரிந்துரைக்கிறார்கள். நான் அதை ஏற்பதில்லை. விரிவடையாத குண்டு நுரையீரலை ஊடுருவிச் சென்றாலும் விலங்கு நெடுந்தூரம் ஓடி மெல்லச் சாகக்கூடும். எலும்பில் பட்டுப் புரண்டால் அந்த ஊசித்துளையும் இராது. உறைந்த நிலத்தில் தெறித்துப் பறக்கும் ஆபத்தும், கால்நடைகள் மேயும் பண்ணைகளில், சிறியதன்று.

சுடும் கோணம் குண்டுக்கு இணையான பங்கு வகிக்கிறது. நேரெதிரே முகம் காட்டி நிற்கும்போது, கழுத்து மார்போடு சேரும் இடத்துக்குச் சற்றுக் கீழே வைத்த குண்டு உடலின் முழு நீளத்தையும் கடக்க வேண்டியிருப்பதால் ஏறக்குறைய ஒருபோதும் வெளியேறுவதில்லை. பக்கவாட்டில் நின்றால் தோளுக்குச் சற்றுப் பின்னே, விலாவின் நடுவுயரம். சாய்ந்து திரும்பி நிற்கும்போது காத்திருப்பதே நல்லது. குழலுறை போல உரித்தெடுத்த தோலில் உரோமம் உட்புறம் இருக்கையிலேயே, பலகையில் இழுத்துக் கட்டுவதற்கு முன், மெழுகு பூசிய நூலால் துளையைத் தைத்துவிட வேண்டும். உலர்ந்த பிறகு தைத்தால் ஓரம் கிழியும்.

இந்தக் குண்டுகளைப் பற்றி என்னை உறுத்தும் ஒன்று உண்டு. நுண்துகள்களாகச் சிதறிய ஈயம் சடலத்திலேயே தங்கிவிடுகிறது; தோல் உரித்த உடலை நிலத்தில் விட்டுவிட்டால், குளிர்காலத்தில் அதைத் தின்ன வரும் பொன்னிறக் கழுகுகளும் வெண்தலைக் கழுகுகளும் ஈய நஞ்சுக்கு ஆளாகின்றன. கலிஃபோர்னியா 2019 ஜூலை முதல் எல்லா வேட்டைக்கும் ஈயக் குண்டைத் தடைசெய்துவிட்டது. மொன்டானாவில் அத்தகைய தடை இல்லாததால் பொறுப்பு நம்மிடமே இருக்கிறது. சடலத்தை எடுத்துச் சென்று புதைக்க முடியாத இடங்களில், செம்பும் வெள்ளீயமும் கலந்த தூளைக் கருவாகக் கொண்ட பார்ன்ஸ் நிறுவனத்தின் 26 கிரெய்ன் வார்மின்ட் கிரனேடையே இப்போது பயன்படுத்துகிறேன். எடை குறைவு என்பதால் தோள் எலும்பைத் தவிர்த்து, 150 கஜத்துக்குள், பக்கவாட்டு விலாவில் மட்டுமே அதைச் சுடுகிறேன். அந்த வரம்புக்குள் அது தோலையும் காப்பாற்றியிருக்கிறது.