ஹனோயில் வசவு, சைகோனில் ஐஸ் டீ

வியட்நாம் போகிறேன் என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது, "மேலேயா, கீழேயா?" என்பதுதான். நாடு வடக்கு தெற்காக வாழைநார் மாதிரி நீண்டு கிடக்கிறது. வடக்கே தலைநகர் ஹனோயிலிருந்து தெற்கே சைகோனுக்கு ரயில் பாதை 1,726 கிலோமீட்டர். ஏறி உட்கார்ந்தால் முப்பது மணி நேரத்துக்கு மேல் ஆகும். விமானத்தில் இரண்டு மணி நேரம். நான்கைந்து நாள் விடுப்பில் போகிறவர் இரண்டையும் பார்க்க ஆசைப்பட்டால் விமான நிலையங்களைத்தான் பார்த்துவிட்டு வருவார். ஆகவே ஒன்றைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும்.

2023 இறுதியில் திருச்சியிலிருந்து சைகோனுக்கு நேரடி விமானம் விட்டதிலிருந்து நம் ஊர்க்காரர்கள் பெரும்பாலும் யோசிக்காமல் சைகோன் பக்கம் சாய்ந்துவிடுகிறார்கள். (அரசாங்கப் பெயர் 1976 முதல் ஹோ சி மின் நகரம். ஊர்க்காரர்கள் பேச்சில் இன்றும் சைகோன்தான். விமானச் சீட்டிலும் எஸ்.ஜி.என். என்றே இருக்கும்.) அந்தச் சாய்வு சரிதானா என்று பார்க்கத்தான் இதை எழுதுகிறேன். இரண்டு ஊருக்கும் இரண்டு முறை போய் வந்தவன் என்பதற்கு மேல் எனக்குத் தகுதி எதுவும் கிடையாது.

போய் வந்தவர்களிடம் கேட்டால் எல்லோரும் ஒரே பாட்டைப் பாடுவார்கள்: ஹனோய்க்காரர்கள் முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள், சைகோன்காரர்கள் சட்டென்று ஒட்டிக்கொள்வார்கள். வியட்நாமியர்களே இதைக் கொஞ்சம் மாற்றிச் சொல்வார்கள். வடக்கத்தியான் நாளைக்கு என்று முடிந்து வைப்பான், தெற்கத்தியான் இன்றைக்கே செலவழித்துவிடுவான் என்று. இதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் வெளியூர்க்காரர்கள் அதைக் குணம் என்று எடுத்துக்கொள்வதுதான் இடிக்கிறது.

திட்டுகிற கடை

ஹனோயில் ஒரு வகைச் சாப்பாட்டுக் கடைக்குப் பெயரே "பூன் மாங், சாவ் சுய்". திட்டு நூடுல்ஸ், வசவுக் கஞ்சி என்று வைத்துக்கொள்ளலாம். கடைக்கார அம்மா வாடிக்கையாளரைத் திட்டுவார். வாடிக்கையாளர் மறுநாளும் வருவார். பழைய நகர்ப் பகுதியில் ஒரு கடையில் நானும் வாங்கிக் கட்டிக்கொண்டேன். என்ன இருக்கிறது, காரம் எவ்வளவு என்று சைகையில் விசாரித்துக்கொண்டிருந்தேன். அந்த அம்மா கரண்டியை நீட்டி ஏதோ சொன்னார், பின்னால் நின்ற நான்கு பேரும் சிரித்தார்கள். அப்புறம்தான் புரிந்தது: அந்தக் கடையில் இருப்பதே ஒரே ஒரு பண்டம். எத்தனை கிண்ணம் என்பதைத் தவிர அங்கே கேட்பதற்கு எதுவும் இல்லை. என் கேள்விதான் அசட்டுத்தனம்.

இந்த முரட்டுத்தனத்துக்கு ரேஷன் காலத்தைக் காரணம் சொல்கிறவர்கள் உண்டு. எனக்கும் அது பொருத்தமாகவே படுகிறது. 1954-இல் நாடு 17-ஆம் அட்சரேகையில் இரண்டானபின், வடக்கில் கூப்பன்தான் வாழ்க்கை. சாப்பாட்டுக் கடையும் அரசாங்கக் கடை. வரிசையில் நின்று, கொடுப்பதை வாங்கிக்கொண்டு நகர வேண்டும். போர்க் காலத்தில் இறைச்சி தட்டுப்பாடாகி, ஃபோ என்கிற இறைச்சி நூடுல்ஸ் சூப்பை வெறும் சாறும் நூடுல்ஸுமாகக் கொடுத்தார்கள். அதற்கு ஹனோய் மக்கள் வைத்த பெயர் "விமானி இல்லாத ஃபோ". தலைக்கு மேல் பறந்த அமெரிக்க ஆளில்லா உளவு விமானங்களை வைத்துச் செய்த கிண்டல். அந்த ஊர் வறட்டு நகைச்சுவைக்கு இதைவிட நல்ல மாதிரி எனக்குக் கிடைக்கவில்லை. தெற்கில், போர் முடிந்து வடக்கின் ஆட்சி வந்த 1975 வரை தனியார் சந்தைதான். பிடிக்காவிட்டால் வாடிக்கையாளர் பக்கத்துக் கடைக்குப் போய்விடுவார். அங்கே கடைக்காரர் சிரித்தாக வேண்டும். 1975-க்குப் பிறகு தெற்கும் கூப்பனில் விழுந்தது என்றாலும், 1986-இல் பொருளாதாரச் சீர்திருத்தம் வந்துவிட்டது. வடக்கில் முப்பது வருஷத்துக்கு மேல், தெற்கில் பத்துப் பதினோரு வருஷம். கடைக்காரர் முகத்தில் அந்த வித்தியாசம் தெரியாமலா போகும்?

சைகோனில் நான் முதலில் கவனித்தது தெருவோர டீ டிரம். வீட்டு வாசலில், கடை வாசலில், ஒரு டிரம்மும் பிளாஸ்டிக் டம்ளரும். மேலே "இலவச ஐஸ் டீ" என்று எழுதி வைத்திருப்பார்கள். லாட்டரி விற்கிறவர், பைக் டாக்ஸி ஓட்டுகிறவர், யார் வேண்டுமானாலும் பிடித்துக் குடிக்கலாம். நம் தண்ணீர்ப் பந்தல்தான். ஆனால் கட்சிக் கொடி இல்லாதது, வருஷம் முழுக்க இருப்பது. ஹனோயில் அதே ஐஸ் டீ ஒரு தொழில். நடைபாதையில் முழங்கால் உயரத்துக்கும் குறைவான முக்காலி, ஒரு டம்ளர் சில ஆயிரம் டாங், நம் காசுக்குச் சில்லறைதான். ஆனால் வாங்கிவிட்டால் சூரியகாந்தி விதையைக் கொறித்துக்கொண்டு ஒரு மணி நேரம் உட்காரலாம், யாரும் எழுந்திரு என்று சொல்ல மாட்டார்கள். இலவசமாகக் கொடுக்கிற ஊரில் குடித்துவிட்டு நடையைக் கட்ட வேண்டும். காசு வாங்குகிற ஊரில் உட்கார்ந்து பேசலாம். எது அன்பான ஊர் என்று இதை வைத்து எப்படித் தீர்ப்பு சொல்வது?

கிண்ணத்தில்

ஃபோ வடக்கில் பிறந்தது. 1954 பிரிவினையில் லட்சக்கணக்கான வடக்கத்திக் குடும்பங்கள் தெற்கே போனபோதுதான் அது அங்கே பரவலானது. ஹனோய் ஃபோவில் சாறு தெளிவாக இருக்கும், நூடுல்ஸ் அகலம், மேலே வெங்காயத்தாள், பக்கத்தில் பூண்டு போட்ட வினிகர், மிளகாய். தொட்டுக்கொள்ள எண்ணெயில் பொரித்த ஒரு நீளமான மாவுப் பலகாரம். அவ்வளவுதான். சைகோனில் அதே கிண்ணத்தோடு முளைப்பயறு, துளசி வகை, இன்னும் இரண்டு கீரை, எலுமிச்சை, இனிப்புக் கறுப்பு சாஸ் எல்லாம் தட்டில் வரும். சாறும் கொஞ்சம் தித்திக்கும். கிண்ணத்தில் அந்தக் கறுப்பு சாஸைப் பிழிந்தால் ஹனோய்க்காரர் நம்மை, நம் ஊரில் ரசத்தில் கெட்சப் ஊற்றுகிறவரைப் பார்ப்பதுபோலப் பார்ப்பார்.

எனக்கு ஹனோய் கிண்ணம்தான் பிடித்தது. சைகோன் கிண்ணத்தை நாமே சமைத்து முடிக்க வேண்டியிருக்கிறது, காலை ஏழு மணிக்கு அவ்வளவு முடிவுகள் எடுக்க என்னால் முடியாது.

காபியில் தீர்ப்பு வேறு. சிறிய உலோக ஃபில்டரில் சொட்டுச் சொட்டாக இறங்கும் டிகாக்‌ஷன் இரண்டு ஊரிலும் ஒன்றுதான், பார்த்தவுடன் நமக்கு உறவு தெரிந்துவிடும். பாலுக்குப் பதில் கண்டென்ஸ்டு மில்க். ஹனோயில் இதைக் கேட்க "பழுப்பு" என்று நிறத்தைச் சொல்ல வேண்டும். சைகோனில் "பால் காபி" என்று சொல்ல வேண்டும். ஹனோயின் பெருமை முட்டைக் காபி. 1946-இல், பால் கிடைக்காத நாளில், மெட்ரோபோல் ஹோட்டலில் வேலை பார்த்த நுயென் வான் ஜாங் என்பவர் முட்டை மஞ்சள் கருவை நுரைக்க அடித்து ஊற்றிய யோசனை. எல்லோரும் உருகுகிறார்கள். எனக்கு அது காபி மேல் மிதக்கும் கஸ்டர்டாகத்தான் தெரிந்தது. வெயிலில் அலைந்துவிட்டுக் குடிக்கும் சைகோன் ஐஸ் காபிக்குப் பக்கத்தில் அது நிற்காது.

சைவர்களுக்கு ஒரு வார்த்தை: "சாய்". கடையில் இந்தச் சொல் தொங்கினால் உள்ளே போகலாம். பௌர்ணமி, அமாவாசையை ஒட்டிய சந்திர நாட்களில் பலர் சைவம் என்பதால் அன்றைக்குத் தேடுவது சுலபம். மற்ற நாளில் மீன் சாஸ் எதில் இருக்கிறது என்று தேடுவதைவிட எதில் இல்லை என்று தேடுவது நல்லது.

வயதைக் கேட்டால் கோபப்படாதீர்கள்

வெள்ளைக்காரப் பயணிகள் அடிக்கடி வருத்தப்படும் விஷயம், பார்த்த ஐந்து நிமிஷத்தில் வயதைக் கேட்கிறார்கள் என்பது. தமிழருக்கு இது விளக்கமே தேவைப்படாத இடம். வியட்நாமிய மொழியில் சாதாரணப் பேச்சில் "நான்", "நீ" என்பதற்குப் பதில் உறவுச் சொற்கள்தான். அண்ணன், அக்கா, தம்பி, அத்தை, சித்தப்பா என்று எதிராளியையும் தன்னையும் அழைத்துக்கொண்டால்தான் வாக்கியமே அமையும். வயது தெரியாமல் எப்படி வாயைத் திறப்பது? அப்பாவின் அண்ணனுக்கு ஒரு சொல், தம்பிக்கு ஒரு சொல்; தாய்மாமனுக்குத் தனிச் சொல். பெரியப்பா, சித்தப்பா, மாமா என்று வளர்ந்தவனுக்கு இந்த நாடு அந்நியமே இல்லை. என் முன்நரையைப் பார்த்து ஹனோய் ஹோட்டல் பையன் என்னைப் பெரியப்பா ஆக்கினான். சைகோனில் பழக்காரம்மா அண்ணன் என்றார். அந்த ஒரு காரணத்துக்காகவே சைகோனுக்கு ஒரு மதிப்பெண் கூடுதல்.

இதிலும் இரண்டு ஊருக்கும் ஒரு வேடிக்கையான வேறுபாடு. ஹனோயில் மூத்த பிள்ளையை மூத்தவர் என்றே அழைப்பார்கள். தெற்கில் மூத்த பிள்ளைக்குப் பெயர் "இரண்டு". அடுத்தது மூன்று. ஒன்று என்று யாருமே கிடையாது. ஏன் என்று கேட்டால் ஆளுக்கொரு கதை: ஒன்றாம் இடம் ஊர்த் தலைவருக்கு, ஒன்றாம் இடம் வடக்கிலேயே தங்கிவிட்ட அண்ணனுக்கு, மூத்ததைச் சொன்னால் பேய் தூக்கிக்கொண்டு போகும்... எது உண்மையாக இருந்தாலும், அண்ணன்தான் அங்கே "இரண்டாம் அண்ணன்". பழைய சைகோனில் இந்த எண் வரிசையை வெளியூர்க்காரர்களுக்கும் நீட்டினார்கள். சீனர்களுக்கு மூன்று, இந்தியர்களுக்கு ஏழு. "ஏழாம் அண்ணன்" என்றால் பெரும்பாலும் வட்டிக்குக் கொடுத்த செட்டியாரும் துணி விற்ற, காவல் பார்த்த நம் ஆட்களும்தான்.

சொற்களும் மாறும். "ஓம்" என்றால் வடக்கில் உடம்பு சரியில்லை, தெற்கில் ஒல்லி. இளைத்திருக்கிறாய் என்று சைகோன் தோழி அன்பாகச் சொன்னால் ஹனோய்க்காரி மருந்துக் கடையைத் தேடுவாள்.

இதையெல்லாம் ஒரே இடத்தில் பார்க்க வேண்டுமென்றால் அவர்களது சந்திரப் புத்தாண்டான டெட் சமயம் போக வேண்டும். வடக்கில் இளஞ்சிவப்புப் பீச் மலர், சதுர அரிசிப் பொட்டலம். தெற்கில் மஞ்சள் மாய் மலர், உருளைப் பொட்டலம். முன்னோர் படையலுக்கு ஐந்து பழத் தட்டு. ஹனோய்த் தட்டில் பச்சை வாழைச் சீப்புதான் அடித்தளம், மற்ற பழங்கள் அதன் மடியில். சைகோனிலோ பல வீடுகளில் வாழைப்பழம் கூடவே கூடாது. அதன் பெயர் "குப்புறக் கவிழ்வது" என்பதுபோல ஒலிக்கிறதாம். வாழைப்பழம் இல்லாமல் ஒரு சாமி கும்பிடா என்று நமக்குத் தூக்கிவாரிப்போடும். பதிலுக்கு அவர்கள் வைப்பது சீத்தா, தேங்காய், பப்பாளி, மாம்பழம். இந்தப் பெயர்களை வரிசையாகச் சொன்னால் "செலவுக்குப் போதுமானது கிடைக்கட்டும்" என்ற வேண்டுதல்போலக் கேட்கும். அழகு என்னவென்றால், இந்தச் சிலேடை தெற்கத்தி உச்சரிப்பில்தான் எடுபடும். தேங்காய்க்கான சொல்லை ஹனோயில் "ஜுவா" என்பார்கள், சைகோனில் "யுவா". போதுமான என்பதற்கான "வுவா"வும் சைகோன் வாயில் "யுவா" ஆகிவிடும். ஹனோய்க்காரர் அதே தட்டை வைத்தால் சாமிக்கு வேண்டுதல் விளங்காது. கோடி கொடு என்று கேட்காமல் போதுமானது கொடு என்று கேட்பதும் எனக்குப் பிடித்தது.

சரி, பார்ப்பதற்கு?

இங்கே போட்டியே இல்லை, ஹனோய்தான். 1010-இல் தலைநகரான ஊர். 1070-இல் கட்டிய இலக்கியக் கோயிலில், அரசுத் தேர்வில் தேறியவர்கள் பெயர் வெட்டிய 82 கல்வெட்டுகள் ஆமை முதுகில் நிற்கின்றன. மாணவர்கள் தேர்வுக்கு முன் தடவித் தடவி ஆமைத் தலைகள் தேய்ந்துபோக, இப்போது வேலி போட்டுவிட்டார்கள். பழைய நகரில் வெள்ளித் தெரு, சர்க்கரைத் தெரு, படையல் காகிதத் தெரு என்று தொழிலுக்கொரு தெரு. சைகோனில் 1880-இல் முடிந்த பேராலயமும் எதிரே 1891-இல் முடிந்த தபால் நிலையமும். தபால் நிலையம் ஈபிள் கட்டியது என்று வழிகாட்டிகள் அடித்துச் சொல்வார்கள், இல்லை. ஒரு காலைப்பொழுதில் முடிந்துவிடும்.

சைகோனில் நம்மை நிறுத்துவது வேறொன்று. ட்ருவொங் டின் தெருவில் மாரியம்மன் கோயில். நாட்டுக்கோட்டைக்காரர்கள் காலத்துக் கட்டடம். 1975-க்குப் பின் அவர்கள் அநேகமாக எல்லோரும் போய்விட்டார்கள், அம்மன் இருக்கிறாள். கும்பிட வருகிறவர்கள் வியட்நாமியர்களும் சீனர்களும். ஊதுபத்திக் கட்டோடு வந்து, கருவறையின் பின்புறக் கல் சுவரில் நெற்றியை முட்டி, முணுமுணுவென்று குறை சொல்லிவிட்டுப் போகிறார்கள். நான் போன அன்று ஒரு நடுத்தர வயதுப் பெண் அந்தச் சுவரோடு கால் மணி நேரம் பேசிக்கொண்டிருந்தார். ஹனோயில் இதற்கு ஈடு தேடினால் ஹாங் லுவொக் தெருவில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இந்திய வணிகர்கள் எழுப்பிய மசூதி இருக்கிறது. அமைதியான இடம், ஆனால் அம்மன் சந்நிதிபோல ஆளை உலுக்காது.

அப்படியானால் நான் சைகோனைத்தானே சொல்ல வேண்டும்? இல்லை. சைகோன் நமக்கு ரொம்பப் பழகியது மாதிரி இருக்கிறது: வெயில், தென்னை, பப்பாளி, பைக் நெரிசல், அம்மன். மூன்றாம் நாள் வியட்நாமில் இருக்கிறோம் என்பதே மறந்துவிட்டது. வெள்ளைக்காரர்கள் வாயைப் பிளக்கிற சாலை கடக்கும் வித்தையை நாம் கிண்டியிலேயே கற்றுவிட்டோம். ஹனோயில் அப்படி மறக்க முடியவில்லை. தூறலும், பனியும், திட்டும் மாறி மாறி வந்து நான் வெளியூர்க்காரன் என்று நினைவூட்டிக்கொண்டே இருந்தன.

அம்மாவை அழைத்துக்கொண்டு போவதென்றால் சைகோன், திருச்சி விமானத்திலேயே. தனியாக, நடக்கத் தெம்பிருந்தால் ஹனோய். ஆனால் டிசம்பர், ஜனவரி என்றால் ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். வியட்நாமில் ஏது குளிர் என்று போய், ஏரிக்கரையில் பல் கிட்டிக்க நின்று, கடைசியில் இரண்டு மடங்கு விலைக்கு ஒரு ஜாக்கெட் வாங்கினேன். பேரம் பேச முயன்றேன். கடைக்கார அம்மா திட்டினார்.