எள்ளுருண்டை தின்றுவிட்டுப் போனவன்

இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது. ஓடிபியை யாரிடமும் சொல்லாதீர்கள் என்று வீட்டில் எல்லோருக்கும் பாடம் எடுப்பவள் நான். ஓடிபி எதுவும் சொல்லாமலே 38,000 ரூபாய் போய்விட்டது. போகக் காரணம் என் வாய்.

ஜனவரியில் மகனைப் பார்க்க மதுரையிலிருந்து வைகை எக்ஸ்பிரஸில் சென்னைக்குக் கிளம்பினேன். காலையில் ஏறினால் எழும்பூர் வந்துசேர மதியம் இரண்டு மணியைத் தாண்டிவிடும். அவ்வளவு நேரம் பக்கத்தில் இருப்பவரோடு பேசாமல் வர நம் ஆட்களால் முடியுமா? பக்கத்து சீட்டில் ஒரு பையன், முப்பது வயதிருக்கும். "பையை மேல வைக்கட்டுமாக்கா?" என்றுதான் ஆரம்பித்தான்.

திண்டுக்கல் வரை வெயில், விலைவாசி. அப்புறம் அவனாகவே தன் அம்மாவைப் பற்றிச் சொன்னான். கொரோனா சமயத்தில் இறந்துபோனாராம், முகத்தைக்கூடப் பார்க்க விடவில்லையாம். கண் கலங்கிவிட்டது. ஒருவர் தன் மனதில் இருப்பதைக் கொட்டிவிட்டால், பதிலுக்கு நாம் எதுவும் சொல்லாமல் இருப்பது மொய்க்கடனைத் திருப்பாத மாதிரி உறுத்துகிறது. நானும் கொட்டினேன். கொள்ளிடம் பாலம் தாண்டுவதற்குள் எங்கள் வீட்டுக் கதை மொத்தமும் அவனிடம் இருந்தது. அம்மா திருமங்கலத்தில் தனியாக இருப்பது, எனக்கு பிரஷர், நான் வேண்டாம் என்றும் கேட்காமல் மகன் பைக் வாங்கியது, வேளச்சேரியில் இரண்டு பையன்களோடு ரூம் எடுத்திருப்பது. பேரனுக்கு ஒன்று என்றால் எங்கம்மா காதில் கிடப்பதைக்கூடக் கழற்றிக் கொடுத்துவிடும் என்று சிரித்துக்கொண்டே சொன்னதும் நான்தான்.

இதில் பாதியை என் நாத்தனாரிடம் சொல்லியிருக்க மாட்டேன். அவளிடம் சொன்னால் நாளைக்கே ஊருக்குத் தெரியும். இவன் எழும்பூரில் இறங்கிப் போகிறவன்தானே! சமூகவியல் படித்த அண்ணன் மகள் பிறகு சொன்னாள்: சிம்மல் என்ற ஜெர்மன்காரர் 1908-லேயே இதை எழுதிவிட்டாராம், நெருங்கியவர்களிடம் மறைப்பதை மனிதர்கள் அந்நியனிடம் சொல்லிவிடுகிறார்கள் என்று. சரி, அவர் காலத்தில் அந்நியன் கையில் செல்போன் இல்லை.

அம்மா பேரனுக்காகக் கொடுத்தனுப்பிய எள்ளுருண்டை டப்பாவை அவனிடம் நீட்டினேன். "தெரியாதவங்க குடுக்கிறதச் சாப்பிடக் கூடாதுன்னு ஸ்டேஷன்ல மைக் போட்டுச் சொல்றாங்களேக்கா" என்று சிரித்தபடி இரண்டு எடுத்துக்கொண்டான். விழுப்புரம் தாண்டியதும், சார்ஜ் தீர்ந்துவிட்டது, ஆபீசுக்கு ஒரு போன் பண்ண வேண்டும் என்று என் போனைக் கேட்டான். கதவுப்பக்கம் நின்று இரண்டு நிமிஷம் பேசிவிட்டுத் திருப்பித் தந்தான். அம்மாவின் நம்பரை நான் 'அம்மா' என்றே போட்டு வைத்திருந்தேன்.

மூன்று வாரம் கழித்து அம்மாவுக்கு ஒரு போன். "அம்மாச்சி, நான் உங்க பேரனோட ரூம்மேட். வண்டில போறப்ப லாரி தட்டிருச்சு. காலுக்கு ஆபரேஷன் பண்ணணும்னு சொல்றாங்க. அக்காவுக்கு பிரஷர் இருக்குல்ல, அதனால அவங்ககிட்ட இப்பச் சொல்ல வேணாம்னு அழுகுறான்." அம்மா லேசில் நம்புகிற ஆளில்லை. "நீ யாருப்பா, உன்னை எனக்குத் தெரியாதே" என்றிருக்கிறது. அதற்கு அவன் சொன்னது: "என்ன அம்மாச்சி, நீங்க குடுத்துவிட்ட எள்ளுருண்டையில நானும் ரெண்டு தின்னேனே!"

அவன் பேசியதில் அது ஒன்றுதான் நிஜம். அம்மா அந்த இடத்தில்தான் விழுந்தது. பீரோவில் இருந்த பணத்தை எடுத்துப் பக்கத்து வீட்டுத் தம்பியிடம் கொடுத்து, அவன் ஜிபேயில் 20,000, அரை மணி கழித்து இன்னொரு 18,000 அனுப்ப வைத்துவிட்டது. மனசு கேட்காமல் ராத்திரி எட்டு மணிக்கு எனக்குப் போன் செய்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. மகன் அப்போது ரூமில் தோசை தின்றுகொண்டிருந்தான்.

உடனே சைபர் மோசடிப் புகாருக்கான 1930-க்கு அடித்தோம். இந்த நம்பரை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எந்தக் கணக்கிலிருந்து போனது, எத்தனை மணிக்கு, எவ்வளவு என்று கேட்பார்கள். ஜிபே ரசீதில் இருக்கும் 12 இலக்க யூடிஆர் எண்ணையும், அதாவது அந்தப் பணப்பரிமாற்றத்தின் அடையாள எண்ணையும், கையில் வைத்திருங்கள். நேரம் போகப் போகப் பணம் கணக்கு விட்டுக் கணக்கு தாவிவிடும். எங்களுக்கு நாலைந்து மணி நேரம் ஏற்கெனவே போயிருந்தது. 11,000 மட்டும் ஒரு கணக்கில் முடங்கி நிற்கிறது. அதை வாங்க இன்னும் அலைகிறேன். ரயிலில் அவன் 'ஆபீசுக்கு' அடித்த நம்பர் என் கால் லிஸ்ட்டில் இல்லவே இல்லை.

போனைக் கேட்டால் நீங்களே நம்பரை அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டு, கையை விட்டு விடாமல் பேசச் சொல்லுங்கள். கதை பேசினால் உங்கள் கதையைப் பேசுங்கள். தனியாக இருக்கும் பெரியவர்களின் கதை வேண்டாம்.

அம்மா இப்போது தானே ஒரு ஏற்பாடு செய்துகொண்டது. புது நம்பரிலிருந்து பேரன் பெயரைச் சொல்லி யார் பேசினாலும், "போன தீபாவளிக்கு நான் எடுத்துக் குடுத்த சட்டை என்ன கலரு?" என்று கேட்கிறது. போன வாரம் நிஜமாகவே அவன்தான் நண்பன் போனிலிருந்து பேசினான். பச்சை என்றானாம். அம்மா போனை வைத்துவிட்டது.