பிளைத்பர்க் ஊர் சர்ச்: பூசி மெழுகாமல் விட்டதற்கே ஐந்து நட்சத்திரம்

இங்கிலாந்தில் பழைய சர்ச் பார்க்க வேண்டும் என்று கிளம்புகிறவர்கள் யார்க், கேன்டர்பரி என்று பெரிய இடமாகப் பார்த்துப் போய், டிக்கெட்டுக்குக் காசைக் கொட்டிவிட்டு, கூட்டத்தோடு கூட்டமாகச் சுற்றிவிட்டு வருகிறார்கள். அது தப்பில்லை. ஆனால் ஐநூறு அறுநூறு வருஷக் கட்டிடம் தன் வயதை மறைக்காமல் நிற்பதைப் பார்க்க வேண்டுமானால் சஃபோக் பக்கம் பிளைத்பர்க் ஊரின் ஹோலி டிரினிட்டி சர்ச்சுக்குப் போங்கள். நுழைவுக் கட்டணம் கிடையாது, மனமிருந்தால் உண்டியலில் போடலாம், அவ்வளவுதான்.

ஏ12 சாலையில் வரும்போதே, ஆற்றுச் சதுப்புக்கு மேலே மேட்டில் தெரியும். சில நூறு பேர் வாழும் ஊருக்கு இவ்வளவு பெரிய சர்ச் எதற்கு என்று தோன்றும். 15ஆம் நூற்றாண்டில் இது படகுகள் வந்து போன துறைமுக ஊர், கையில் காசு புரண்டது, கட்டினார்கள். பிறகு ஆறு தூர்ந்து வியாபாரம் போய்விட்டது, சர்ச் மட்டும் மிஞ்சியது. கட்டுக்கல் கிடைக்காத வட்டாரம் என்பதால் சுவரெல்லாம் சிக்கிமுக்கிக் கல்தான். அதையே உடைத்து, பளபளக்கும் கருத்த முகம் வெளியே தெரிகிற மாதிரி வெள்ளைக் கல் சட்டத்துக்குள் பதித்துக் கோலம் போட்டிருக்கிறார்கள். கிழக்குச் சுவரின் அடியில் கிரீடம் வைத்த எழுத்துகள் வரிசையாக இருக்கும், ஒரு லத்தீன் வாசகத்தின் முதலெழுத்துகள் என்கிறார்கள். வெளியே அதை மட்டும் பார்த்துவிட்டு உள்ளே போய்விடுங்கள், விஷயம் எல்லாம் உள்ளேதான்.

கதவைத் திறந்ததும் முதலில் உறைப்பது வெளிச்சம். பழைய சர்ச் என்றால் இருட்டாக இருக்கும் என்று நினைத்துப் போகிறவர்களுக்கு இது வேறு மாதிரி. நடு மண்டபமும் பீடப் பகுதியும் இடையில் வளைவு எதுவும் இல்லாமல் ஒரே நீட்டாக ஓடுகின்றன, மேலே இரண்டு பக்கமும் சன்னல்கள் நெருக்கமாக வரிசை கட்டுகின்றன, வண்ணக் கண்ணாடி பெரும்பாலும் போய்விட்டதால் வெளிச்சம் தடையில்லாமல் இறங்குகிறது. அப்புறம் அண்ணாந்து பார்க்க வேண்டும். கூரை உத்தரங்களின் நடுவே, முதுகோடு முதுகு ஒட்டி, ஒன்று கிழக்கே ஒன்று மேற்கே பார்த்தபடி, சிறகு விரித்த மரத் தேவதூதர்கள். உத்தரத்தில் பழைய சாயம், மங்கிய சிவப்பிலும் பச்சையிலும் பூ வேலை, இன்னும் அங்கங்கே ஒட்டிக்கொண்டிருக்கிறது. யாரும் மேலே ஏறிப் புதுச் சாயம் அடிக்கவில்லை. நான் இந்தச் சர்ச்சுக்கு நட்சத்திரத்தை அள்ளிக் கொடுப்பது இதற்காகத்தான். பக்கத்து மாவட்டங்களில் தேவதூதர் கூரைகள் நிறைய உண்டு, சிலதை 19ஆம் நூற்றாண்டில் புதுப்பிக்கிறேன் பேர்வழி என்று வார்னிஷ் அடித்து பர்னிச்சர் கடை மாதிரி ஆக்கிவிட்டார்கள். இங்கே மரம் மரமாகவே இருக்கிறது.

இந்தத் தேவதூதர்கள் தப்பியதே பெரிய கதை. 1644 ஏப்ரலில் வில்லியம் டௌசிங் என்பவர் வந்தார். மன்னரோடு உள்நாட்டுப் போர் நடத்திக்கொண்டிருந்த நாடாளுமன்றப் படையின் தளபதி மான்செஸ்டர் பிரபு கொடுத்த அதிகாரத்தோடு ஊர் ஊராகப் போய், உருவ வழிபாடு என்று சொல்லிச் சிலைகளையும் படங்களையும் உடைத்தவர், தான் உடைத்ததையெல்லாம் நாட்குறிப்பிலும் எழுதி வைத்தவர். இருபது தேவதூதர்களை இறக்க வேண்டும், இருநூறுக்கு மேற்பட்ட படங்களை எட்டு நாளில் எடுக்க வேண்டும் என்று பிளைத்பர்க்கில் உத்தரவு போட்டார். படங்கள் இருந்த வண்ணக் கண்ணாடி போனது. கூரை அவ்வளவு உயரத்தில் இருந்ததால் சோம்பலோ என்னவோ, தேவதூதர்களில் பலர் அப்படியே இருந்துவிட்டார்கள். மரத்துக்குள் ஈயக் குண்டுகள் கிடைத்ததை வைத்து, டௌசிங்கின் ஆட்கள் துப்பாக்கியால் சுட்டார்கள் என்று இன்றைக்கும் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அந்தக் குண்டுகள் 18ஆம் நூற்றாண்டு வகை. கூரைக்குள் அடைந்த காக்கைகளைச் சுடக் கூலி கொடுத்ததாகச் சர்ச் கணக்கிலேயே செலவு எழுதியிருக்கிறார்கள். எனக்கு இந்த இரண்டாவது கதைதான் பிடித்திருக்கிறது.

பெஞ்சுகளின் முனைகளை அவசரப்பட்டுத் தாண்டிவிடாதீர்கள். கொடும் பாவங்கள் ஒவ்வொன்றையும் ஒரு ஆளாகச் செதுக்கியிருக்கிறார்கள். சோம்பேறி படுக்கையை விட்டு எழாமல் உட்கார்ந்திருக்கிறான், பெருந்தீனிக்காரன் வயிற்றைப் பிடித்துக்கொண்டிருக்கிறான், கஞ்சன் பணப்பெட்டி மேலேயே உட்கார்ந்திருக்கிறான். பல நூற்றாண்டுக் கைகள் பட்டு முகமெல்லாம் மழுங்கியிருக்கிறது, ஆனாலும் யார் யார் என்று தெரிகிறது. பாடகர் இருக்கைகள் ஒரு காலத்தில் பள்ளிக்கூட மேசையாகவும் இருந்தவை, மைக்கூடு வைக்கத் தோண்டிய குழிகள் அப்படியே இருக்கின்றன, பையன்கள் கத்தியால் கீறிய கீறல்களும் கூடவே. 1682ஆம் ஆண்டு மணியடிக்கும் மரப் பொம்மை ஒன்றும் உண்டு, கயிற்றை இழுத்தால் கோடரியால் மணியைத் தட்டும்.

பேய் நாய்க் கதைக்காகவே வருகிறவர்களும் உண்டு. 1577 ஆகஸ்ட் 4, ஆராதனை நடக்கும்போது இடி மின்னல், கோபுர உச்சி கூரையைப் பொத்துக்கொண்டு விழுந்து ஒரு ஆளும் ஒரு பையனும் செத்தார்கள். கருப்பு நாய் ஒன்று உள்ளே புகுந்து ஓடியது என்றும், வடக்குக் கதவில் இருக்கும் கரிந்த தடங்கள் அதன் நகம் பட்டவை என்றும் சொல்வார்கள். தடங்கள் நிஜமாகவே இருக்கின்றன, கிட்டே போய்ப் பார்க்கலாம். என்னைக் கேட்டால் மெழுகுத்திரியை வேண்டுமென்றே காட்டிச் சுட்ட மாதிரிதான் இருக்கிறது, இங்கிலாந்தின் பழைய வீடுகளிலும் இதே வகைத் தடம் நிறைய உண்டு.

இனி பாதுகாப்பு விஷயம். 1881இல் கூரை ஒழுகி, உள்ளே குடை பிடித்து உட்கார வேண்டிய நிலைக்கு வந்து, ஆபத்து என்று பிஷப் சர்ச்சை மூடிவிட்டார். பணம் திரட்டி 1884இல் திறந்தார்கள். நடுவில் வில்லியம் மாரிஸ் 1877இல் தொடங்கிய பழங்கட்டிடப் பாதுகாப்புச் சங்கம் புகுந்து, ஓட்டை உடைசலைச் சரி செய்யுங்கள், பழசைப் பெயர்த்துப் புதுசாக்காதீர்கள் என்று விடாமல் மல்லுக்கு நின்றது. அன்றைக்குப் பலருக்கு அது எரிச்சலாக இருந்திருக்கும், கையில் காசில்லாததும் ஒரு வகையில் நல்லதாகப் போயிற்று. இன்று இது முதல் நிலைப் பாதுகாப்புப் பட்டியலில் இருக்கிறது. ஆனால் அரசு வந்து பார்த்துக்கொள்ளும் என்று நினைக்காதீர்கள், செலவு ஊர்ச் சர்ச் சபையின் தலையில்தான். ஒரு பெஞ்சை நகர்த்த வேண்டுமானாலும் மறைமாவட்ட அனுமதிக்கு எழுத வேண்டும், அதற்கு ஆலோசனைக் குழு, அப்புறம் தீர்ப்புச் சொல்ல ஒரு நீதிபதி. ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை கட்டிடக் கலைஞர் வந்து மேலிருந்து கீழ்வரை பார்த்து அறிக்கை தர வேண்டும். பழுதுச் செலவில் 20 சதவீத வாட் வரி திரும்பக் கிடைக்கும் திட்டம் 2026 மார்ச் வரை இருந்தது, அதிலும் 2025 ஏப்ரலில் ஒரு கட்டிடத்துக்கு வருஷத்துக்கு 25,000 பவுண்ட் என்று வரம்பு வைத்துவிட்டார்கள். இந்த அளவு கூரைக்கு அதுவே யானைப் பசிக்குச் சோளப்பொரியாகத்தான் இருந்தது. அதனால் உண்டியல் விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம், பெஞ்சு முனையில் உட்கார்ந்திருக்கும் ஆளைப் பார்த்த பிறகாவது.

குறை என்று பார்த்தால், உள்ளே குளிர். வெயில் நாளிலேயே தரை காலைப் பிடிக்கும், மேல் கோட்டை காரில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். தேவதூதர் முகம் வெறும் கண்ணுக்குத் தெளிவாகத் தெரியாது, பைனாகுலர் இல்லாமல் போனால் பாதிதான் பார்த்தீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ரயிலில் வருகிறவர்கள் டார்ஷமிலோ ஹேல்ஸ்வொர்த்திலோ இறங்கி டாக்சி பிடிக்க வேண்டும், அதை முன்கூட்டியே சொல்லி வையுங்கள், நிலைய வாசலில் வண்டி காத்திருக்கும் ஊரில்லை இது. ஜூனில் ஆல்டபரோ இசை விழா சமயத்தில் இங்கே கச்சேரி இருந்தால் டிக்கெட் எடுத்துவிடுங்கள். 1969இல் விழாவின் பெரிய அரங்கு தீயில் போனபோது நிகழ்ச்சிகளுக்கு இடம் கொடுத்ததும் இந்தச் சர்ச்தான். ஆனால் கச்சேரி நாளில் நாற்காலிக்குள் அடைந்து கிடக்க வேண்டும், பெஞ்சு முனைகளைச் சுற்றிப் பார்க்க முடியாது. அதற்குச் சாதாரண வார நாள் காலையே தோது.